20 அங்குல டாப்சோனியன்: ஆசை இருக்கிறது, சமாளிக்க முடியுமா?

மலையடிவாரம் எழுதியது:

வணக்கம். என்னிடம் இருப்பது 8 அங்குல டாப்சோனியன், அதாவது 8 அங்குல விட்டமுள்ள கண்ணாடி ஆடியை வைத்து எளிய பெட்டியில் திரும்பும் டெலஸ்கோப். வேலூரில் மொட்டை மாடியில் வைத்து நிலா, வியாழன், சனி, இரட்டை விண்மீன்கள் பார்ப்பேன். அமாவாசையை ஒட்டி வானம் தெளிந்திருந்தால் காரில் ஏற்றிக்கொண்டு ஆலங்காயம் பக்கம் அப்பாவின் நிலத்துக்குப் போய்விடுவேன். ஜவ்வாது மலை அடிவாரம். காவலூர் வானாய்வகத்தை ஏன் அந்த மலையில் கொண்டுபோய்க் கட்டினார்கள் என்பது அங்கே ஒரு ராத்திரி கயிற்றுக் கட்டிலில் படுத்து மேலே பார்த்தால் புரிந்துவிடும்.

போன ஏப்ரலில் நண்பர் ஒருவர் தன் 16 அங்குலத்தை அங்கே கொண்டுவந்தார். ஒமேகா சென்டாரி என்ற கோள வடிவ விண்மீன் கொத்தைப் பார்த்தோம். என் 8 அங்குலத்தில் அதன் ஓரங்கள் விண்மீன்களாகப் பிரியும், நடுப்பகுதி மங்கிய வெளிச்சமாகவே நிற்கும். அவருடைய ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லையில்) மையம் வரைக்கும் தனித்தனி விண்மீன்கள். கொத்து எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை, பார்வைப் புலம் முழுக்க நிறைந்து கிடந்தது. அம்மா கண்ணை எடுக்காமலே, “இது அத்தனையும் சூரியனாடா?” என்று கேட்டார்.

அன்றிலிருந்து மனசு பெரிய டெலஸ்கோப்பில் நிற்கிறது. வாங்குவதென்றால் ஒரே தடவையாக 20 அங்குலமே வாங்கிவிடலாம் என்று தோன்றுகிறது. ஒரு பழைய கார் வாங்கும் அளவுக்குப் பணம் சேர்ந்திருக்கிறது, வீட்டிலும் சம்மதம். ஆனால் அதை எங்கே வைப்பது, யார் தூக்குவது, நம் ஊர் ஈரத்துக்குக் கண்ணாடி தாங்குமா, ஒவ்வொரு தடவையும் ஏணியில் ஏறித்தான் பார்க்க வேண்டுமா என்பதெல்லாம் தெரியவில்லை. வைத்திருப்பவர்களும் சொல்லுங்கள், வைத்திருந்து விற்றவர்களும் சொல்லுங்கள்.

---

ஆடிதேய்ப்பவன் எழுதியது:

தம்பி, முதலில் எடையைப் பேசிவிடுவோம். பாக்கி எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

16 அங்குல பைரெக்ஸ் கண்ணாடி, 40 மி.மீ. கனம் என்றால் பதினொன்று, பன்னிரண்டு கிலோ வரும். 20 அங்குலத்துக்கு 50 மி.மீ. கனம் வைத்தால் 22 கிலோவைத் தாண்டும். விட்டம் கால் பங்குதான் கூடியிருக்கிறது, எடை இரட்டிப்பாகிவிட்டது. வெறும் கண்ணாடி மட்டும் இது. அதைச் சுமக்கும் பெட்டி, அதற்கடியில் திரும்பும் ராக்கர் பெட்டி எல்லாம் சேர்ந்தால் 50 கிலோவுக்கு மேல் போய்விடும். ஒரு ஆள் குனிந்து தூக்குகிற சாமான் இல்லை. சக்கரம் மாட்டி, பலகைச் சரிவு போட்டுத்தான் வண்டியில் ஏற்ற முடியும்.

அடுத்தது கண்ணாடியின் வளைவு. 20 அங்குலக் கண்ணாடியை மூன்று புள்ளியில் நிறுத்தினால் தன் எடையாலேயே அது வளைந்துவிடும். எடையைப் பங்கிட்டுக்கொடுக்க 18 புள்ளித் தாங்கி வேண்டும். அந்த வளைவு கண்ணுக்குத் தெரியாது. பச்சை ஒளியின் அலைநீளம் 550 நானோமீட்டர். கண்ணாடிப் பரப்பு அதில் எட்டில் ஒரு பங்குக்குள், கிட்டத்தட்ட 70 நானோமீட்டருக்குள், சரியாக இருந்தால்தான் வியாழனின் பட்டைகள் கூர்மையாக விழும். நான் கார்போரண்டம் பொடியில் தொடங்கி சீரியம் ஆக்சைடில் மெருகேற்றி, ஃபூக்கோ சோதனையில் நிழலைப் பார்த்துப் பார்த்துத் திருத்துவது இந்த 70 நானோமீட்டருக்காகத்தான். கை வைத்துத் தேய்த்தவுடன் சோதித்தால் கண்ணாடி உள்ளங்கைச் சூட்டிலேயே பொய் சொல்லும், ஆறவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டுச் செய்த வளைவைத் தாங்கி சரியில்லாமல் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

ஏணி விஷயம்: 20 அங்குலம் எஃப்/5 என்றால் குவியத்தூரம் விட்டத்தைப் போல் ஐந்து மடங்கு, அதாவது 2540 மி.மீ. உச்சி வானத்தைப் பார்க்கும்போது ஐபீஸ் தரையிலிருந்து எட்டடி உயரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். எஃப்/3.6 என்றால் 1830 மி.மீ. தரையில் நின்றே பார்க்கலாம், குள்ளமானவர்களுக்கு ஒரு முக்காலி போதும். ஆனால் எஃப் எண் குறையக் குறைய கோமா, அதாவது ஓரத்து விண்மீன்கள் வால் முளைத்த மாதிரி தெரியும் குறை, கூடும். விண்மீன்கள் புள்ளியாகத் தெரியும் நடுவட்டம் எஃப் எண்ணின் மும்மடி விகிதத்தில் சுருங்கும். ஐந்திலிருந்து 3.6-க்கு இறங்கினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். கோமா கரெக்டர் வாங்கியே ஆக வேண்டும். காலிமேஷனும், அதாவது ஆடிகளை நேர்ப்படுத்துவதும், ஒரு நூல் பிசகக் கூடாது. ஏணியை மிச்சப்படுத்தினால் இந்த இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

---

ஒளிப்பிடிப்பான் எழுதியது:

நான் சென்னையில் இருக்கிறேன், எனவே என் பார்வை வேறு. ஒரு காலத்தில் 10 அங்குலம் வைத்திருந்தேன். இப்போது என்னிடம் இருப்பது 50 மி.மீ. வில்லை கொண்ட ஸ்மார்ட் டெலஸ்கோப், தோள் பையில் அடங்கிவிடும். மாடியில் வைத்துப் போனில் பெயரைத் தொட்டால் அதுவே தேடிக்கொள்கிறது. குதிரைத்தலை நெபுலா பத்து நிமிடத்தில் வடிவத்தோடு வந்துவிடுகிறது. 20 அங்குலத்தில், நல்ல இருட்டில், ஹைட்ரஜன் பீட்டா ஃபில்டர் போட்டு, பழகிய கண்ணோடு பார்த்தாலும் “இருக்கிறதோ, இல்லையோ” என்ற நிலையில்தான் அது தெரியும். நிறமும் தெரியாது. மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிரியாது.

பணத்தைக் கொட்டி, முதுகை ஒடித்து, வருடத்தில் சில ராத்திரிகளுக்காக இவ்வளவு பெரிய பொருளைக் கட்டிக் காப்பது எதற்கு என்று உண்மையாகவே கேட்கிறேன். நம் ஊரில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தென்மேற்குப் பருவத்திலும் பாதி நாள் மேகம். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைதான் கை நிறைய வானம் கிடைக்கும். அதிலும் நிலா இல்லாத, விடுமுறையோடு ஒத்துப்போகிற ராத்திரி எத்தனை வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

---

கேட்டை எழுதியது:

மதுரைப் பக்கம் அரசுப் பள்ளியில் ஆசிரியை. எங்கள் பள்ளியில் ஒரு 6 அங்குலம் இருக்கிறது.

ஒளிப்பிடிப்பான் சார் சொல்வது கணக்குப்படி சரி. ஆனால் வரிசையில் நின்ற ஒரு பிள்ளை ஐபீஸில் சனியைப் பார்த்த உடனே குழாயின் வாயில் போய் எட்டிப் பார்க்கும், உள்ளே படம் ஒட்டியிருக்கிறதா என்று. போனில் எவ்வளவு அழகான படம் காட்டினாலும் அதை எந்தப் பிள்ளையும் சோதித்துப் பார்ப்பதில்லை. சனியிலிருந்து கிளம்பிய வெளிச்சம் தன் கண்ணுக்குள்ளேயே வந்து விழுந்தது என்பது அவர்களுக்குச் சொல்லாமலே புரிகிறது.

மலையடிவாரம் தம்பி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் தனியாகப் பார்க்கப் போகிறீர்களா, ஊராரோடு பார்க்கப் போகிறீர்களா? கூட்டத்துக்குக் காட்டுவதாக இருந்தால் ஏணி பெரிய தொல்லை. இருட்டில், சேலை கட்டிய பெண்களும் சின்னப் பிள்ளைகளும் ஐந்தாவது படியில் நின்று பிடிமானத்துக்கு டெலஸ்கோப்பையே பிடிப்பார்கள். அது நகர்ந்துவிடும். திரும்பத் தேடிப் பிடித்துக் காட்டுவதற்குள் பின்னால் நிற்பவர்களுக்குப் பொறுமை போய்விடும். ஆடிதேய்ப்பவன் அண்ணா சொன்ன எஃப்/3.6, தரையில் நின்று பார்க்கிற உயரம், இதற்காகவே தேவை.

இந்த வகை டெலஸ்கோப்புக்குப் பெயர் கொடுத்த ஜான் டாப்சன், சான்பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த வேதாந்தத் துறவியாக இருந்தவர். பழைய கப்பல் சன்னல் கண்ணாடிகளைத் தேய்த்துத்தான் ஆடி செய்தார். 1968-இல் சில நண்பர்களோடு சேர்ந்து நடைபாதை வானியல் குழுவைத் தொடங்கி, தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார். மலிவான மரப்பெட்டி, டெஃப்லான் துண்டுகள் மேல் வழுக்கித் திரும்பும் அமைப்பு. பெரிய கண்ணாடி சாதாரண ஆட்கள் கைக்கு வந்தது அந்த எளிமையால்தான்.

---

வடமீன் எழுதியது:

ஒளிப்பிடிப்பான் கேட்டதற்கும் மலையடிவாரம் கேட்டதற்கும் சேர்த்து எழுதுகிறேன். இயற்பியல் பாடம் எடுப்பவன், கொஞ்சம் நீளும்.

பெரிய டெலஸ்கோப் நெபுலாவையும் கேலக்ஸியையும் “பிரகாசமாக” காட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பரந்து கிடக்கும் பொருளுக்கு அது உண்மை இல்லை. அதன் மேற்பரப்பு ஒளிர்வு, வெறும் கண்ணுக்குத் தெரிவதைவிட எந்த டெலஸ்கோப்பிலும் கூடாது. ஐபீஸிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் அகலம் என்ன என்பதைப் பொறுத்ததுதான் அது. கற்றை 5 மி.மீ. அகலம் வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 அங்குலத்தில் அதற்கு 40 மடங்கு உருப்பெருக்கம், 20 அங்குலத்தில் 100 மடங்கு. இரண்டிலும் ஒளிர்வு ஒன்றேதான். ஆனால் எம்51 சுருள் கேலக்ஸி முதலாவதில் 7 பாகை அகலத்துக்குத் தெரியும், இரண்டாவதில் 18 பாகைக்கு.

வித்தியாசம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. மங்கிய விளக்கில் பொடி எழுத்து தெரியாது, அதே விளக்கில் தலைப்பு எழுத்து தெரியும். மங்கலான பொருள் பெரிதாகும்போது விழித்திரையில் அதிகமான குச்சி செல்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. 8 அங்குலத்தில் இரண்டு மங்கிய திட்டுகளாகத் தெரிந்த எம்51, பெரிய கண்ணாடியில் சுருள் கைகளாகப் பிரிவது இதனால்தான்.

விண்மீன்கள் கதை வேறு. அவை புள்ளிகள், சேர்த்த ஒளி முழுவதும் அந்தப் புள்ளிக்கே போகும். 8-லிருந்து 20-க்குப் போனால் ஒளி ஆறேகால் மடங்கு, அதாவது விண்மீன் ஒளியளவுக் கணக்கில் இரண்டு மாக்னிட்யூட். ஒமேகா சென்டாரி உங்கள் அம்மாவுக்கு அப்படித் தெரிந்ததற்கு இதுவே காரணம். கோளக் கொத்துகளைப் பொறுத்தவரை படம் கண்ணுக்கு ஈடாகாது என்பது என் திடமான கருத்து. படத்தில் மையம் வெளுத்துப்போகும், அல்லது ஓரம் காணாமல் போகும். கண் இரண்டையும் ஒன்றாக வாங்கிக்கொள்ளும்.

அதே சமயம், கோள்களுக்காக என்றால் 20 அங்குலம் வேண்டாம். காற்றின் அசைவு பெரும்பாலான ராத்திரிகளில் ஒன்று, இரண்டு விகலைக்குக் (ஒரு விகலை என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) கீழே விவரம் பார்க்க விடாது. 5 அங்குலக் கண்ணாடியே கோட்பாட்டளவில் ஒரு விகலை அளவைப் பிரித்துவிடும். காற்று அடங்கிய அபூர்வ ராத்திரியில்தான் 20 தன் பலத்தைக் காட்டும். நகரத்து மாடியிலும் கேலக்ஸிகளுக்கு அதனால் பயனில்லை. இருட்டில் நிற்கும் 8 அங்குலம், வேலூர் மாடியில் நிற்கும் 20 அங்குலத்தை கேலக்ஸி விஷயத்தில் தோற்கடித்துவிடும்.

---

டெக்சாஸ்தமிழன் எழுதியது:

இங்கே வசந்த காலத்தில் ஃபோர்ட் டேவிஸ் பக்கம் டெக்சாஸ் ஸ்டார் பார்ட்டி நடக்கும். மெக்டொனால்ட் வானாய்வகம் இருக்கும் மலைப்பகுதி. பெரிய டாப்சோனியன்களை நான் பார்த்ததெல்லாம் அங்கேதான். 25, 30 அங்குலங்களை டிரெய்லரில் இழுத்துக்கொண்டு வருவார்கள். முகம் தெரியாத இருட்டில், சிவப்பு விளக்கைத் தரைக்குப் பிடித்துக்கொண்டு ஏணி அடியில் நின்றால், “ஏறிப் பாருங்கள்” என்பார்கள். அப்படித்தான் ஒரு பெரிய கண்ணாடியில் எம்51-ஐப் பார்த்தேன். முதல் அரை நிமிடம் இரண்டு வெளிச்சங்கள் மட்டும். பார்வையைக் கொஞ்சம் ஓரமாகத் திருப்பினேன். ஒரு கை சுற்றி வந்தது, அப்புறம் இன்னொன்று. பிறகு அதைப் பக்கத்துச் சின்ன கேலக்ஸியோடு இணைக்கும் பாலமும் தெரிந்தது. கீழே நின்றவர் அவசரப்படுத்தவே இல்லை.

1845-இல் அயர்லாந்தில் ரோஸ் பிரபு 72 அங்குல டெலஸ்கோப் கட்டி, அதே எம்51-இல்தான் முதன்முதலாகச் சுருள் வடிவத்தைக் கண்டார். உலோக ஆடி, மூன்று டன் அளவு எடை. இரண்டு பெரிய மதில் சுவர்களுக்கு நடுவே குழாயைத் தொங்கவிட்டிருந்ததால் வடக்கு தெற்காகத்தான் தாராளமாக ஓட்ட முடியும், பக்கவாட்டில் கொஞ்சம்தான். பொருள் நேராக எதிரே வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த அளவைக் கிட்டத்தட்ட எட்டும் 70 அங்குலத்தை 2013-இல் யூட்டா மாநிலத்தில் ஒரு லாரி ஓட்டுநர் தானே கட்டினார். உளவுச் செயற்கைக்கோளுக்கென்று தயாராகி, ஓரத்தில் சேதமாகிக் கழிக்கப்பட்ட கண்ணாடி அது. ஆசைக்கு எல்லை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். ஆனால் இங்கே பெரிய டாப்சோனியன் வைத்திருப்பவர்களிடம் பரந்த நிலமும் பிக்அப் வண்டியும் அகலமான சாலையும் இருக்கின்றன. அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் எனக்கு உங்கள் மேல் பொறாமை. ஒமேகா சென்டாரி எனக்கு அடிவானத்துக்கு மேல் 12 பாகைதான் ஏறும், உங்களுக்கு 30.

---

சேலத்துமாடி எழுதியது:

வைத்திருந்து விற்றவன் நான். 18 அங்குலம். மூன்றாவது மாடி அடுக்ககம், லிஃப்டில் கண்ணாடிப் பெட்டி நுழையும், குழாய்கள் படிக்கட்டு வழியாக வரும். ஏற்காடு, கொல்லிமலை இரண்டும் எட்டும் தூரம். முதல் வருடம் சலிக்காமல் போனோம். பிறகு அண்ணன் மகன் வேலைக்கு பெங்களூர் போய்விட்டான், தூக்க இரண்டாவது ஆள் இல்லை. மலையிலும் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. ராத்திரியில் வனத்துறை கேட்கும், போலீஸ் கேட்கும், தோட்டக்காரர் கேட்பார். டெலஸ்கோப்பைக் காட்டினால் அவர்களும் பார்த்துவிட்டுப் போவார்கள், அது வேறு. ஒரு கல்லூரிக்குக் கொடுத்துவிட்டேன், இப்போது நன்றாகப் பயன்படுகிறது. இப்போது என்னிடம் 10 அங்குலம். ஒரே ஆளாக ஐந்து நிமிடத்தில் வெளியே வைத்துவிடுவேன்.

வேலூர் வீட்டில் வைத்துக்கொண்டு ஆலங்காயத்துக்கு ஏற்றி இறக்கத்தான் போகிறீர்கள் என்றால், 16-க்கு மேல் போகாதீர்கள்.

---

மலையடிவாரம் எழுதியது:

இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாருக்கும் நன்றி.

கேட்டை டீச்சர் கேட்டதற்குப் பதில்: ஊராரோடுதான். நிலத்துக்குப் பக்கத்துக் குடியிருப்புப் பிள்ளைகள் இப்போதே 8 அங்குலத்துக்கு வருகிறார்கள். காவலூர் மலையில் பெரிய டெலஸ்கோப் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், அந்த 2.34 மீட்டர் வைணு பாப்பு டெலஸ்கோப் 1986-லிருந்து அங்கே நிற்கிறது. ஆனால் அதில் கண் வைத்துப் பார்த்தவர்கள் அந்தக் குடியிருப்பில் யாரும் இல்லை.

சேலத்துமாடி அண்ணா எழுதியதைப் படித்தபிறகு எனக்கு வேறு யோசனை. நிலத்திலேயே ஒரு கொட்டகை போட்டு அங்கேயே வைத்துவிட்டால்? சித்தப்பா குடும்பம் அங்கேதான் இருக்கிறது. 8 அங்குலம் வேலூரில் இருக்கட்டும்.

---

ஆடிதேய்ப்பவன் எழுதியது:

அதைத்தான் சொல்ல வந்தேன் தம்பி. தங்குகிற இடம் முடிவாகிவிட்டால் 20 பற்றிப் பயமில்லாமல் பேசலாம். ஆனால் கொட்டகையில் வைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது.

தகரக் கொட்டகை உங்கள் ஊர் மே மாத வெயிலில் அடுப்பாகிவிடும். சாயங்காலம் திறக்கும்போது கண்ணாடி கொதித்துப்போய் இருக்கும், 22 கிலோ பைரெக்ஸ் வெளிக்காற்றின் சூட்டுக்கு இறங்க மணிக்கணக்காகும். அதுவரை அதன் முகத்துக்கு மேலே சூடான காற்று நெளிந்துகொண்டே இருக்கும், விண்மீன் புள்ளியாக நிற்காது. கூரைக்கு வெள்ளை அடியுங்கள், உள்பக்கம் தெர்மோகோல் கொடுங்கள், சுவரின் கீழும் மேலும் வலை போட்ட காற்றுத் துளை வையுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ஃபேன் இரண்டு மூன்று மாட்டி, பொழுது சாய்ந்ததும் ஓடவிடுங்கள். மலை நாட்டுக்காரர்களுக்கு ராத்திரி முழுக்கக் குளிர் இறங்கிக்கொண்டே போகும், கண்ணாடி துரத்திக்கொண்டே இருக்கும். நம் சமவெளியில் நடு இரவுக்குப் பிறகு வெப்பம் அதிகம் இறங்காது. ஒருமுறை சமமாகிவிட்டால் விடியும் வரை கவலை இல்லை.

பூச்சி: மண் குளவி. அலுமினியக் குழாயின் ஓட்டையை மூடாமல் விட்டால் சில நாளில் உள்ளே மண் கூடு கட்டிவிடும். எல்லா ஓட்டைக்கும் ரப்பர் மூடி போடுங்கள். எலி வயரைக் கடிக்கும், ஃபேன் வயரை இரும்பு ஸ்பிரிங் குழாய்க்குள் ஓட்டுங்கள். கண்ணாடிக்கு இறுக்கமான மூடி வேண்டும், பல்லி எச்சம் அலுமினியப் பூச்சை அரித்துவிடும்.

---

கரையோரம் எழுதியது:

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்களிடம் பெரியது ஒன்றும் இல்லை, 8 அங்குலம்தான். வீட்டிலிருந்து கடல் நடக்கிற தூரம். அலுமினியப் பூச்சு உப்புக் காற்றில் ஓரத்திலிருந்து புள்ளி புள்ளியாகப் போகத் தொடங்கியது. மூடியின் உள்ளே சிலிக்கா ஜெல் பை வைத்து, கறுத்த ரப்பர் பட்டி ஒட்டியபிறகு பரவாயில்லை. கழுவும்போது குழாய்த் தண்ணீர் வேண்டாம் அண்ணை, காய்ச்சி வடித்த நீர்தான். பஞ்சைத் தன் பாரத்திலேயே இழுக்க வேண்டும், அழுத்தக் கூடாது.

ஆலங்காயத்தில் கடற்காற்று இல்லை. உங்களுக்கு இது பாதிக் கஷ்டம்தான்.

---

ஒளிப்பிடிப்பான் எழுதியது:

வடமீன் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். கோளக் கொத்து பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஓரியன் நெபுலாவின் நடுவில் ட்ரபீசியம் விண்மீன்களும் அப்படித்தான், படத்தில் அவற்றையும் சுற்றியுள்ள மேகத்தையும் ஒன்றாகக் காட்ட நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆனாலும் ஒரு எச்சரிக்கை. மறு பூச்சு போட வேண்டி வரும் நாளையும் இப்போதே கணக்கில் வையுங்கள். 8 அங்குலத்துக்கு அலுமினியம் பூச இடம் தேடுவது சிரமமில்லை. 20 அங்குலம் கொள்ளும் வெற்றிடக் கலம் எல்லாரிடமும் இருக்காது. அந்தக் கண்ணாடியைப் பொதி கட்டி அனுப்பித் திரும்ப வாங்குவது தனிக் கவலை. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு வெளிநாட்டிலிருந்து வந்த கண்ணாடி பெட்டிக்குள்ளேயே ஓரம் உடைந்து வந்தது, இழப்பீட்டுக்கு அலைந்து அலைந்து விட்டுவிட்டார். முடிந்தால் கண்ணாடியை இங்கேயே செய்துகொள்ளுங்கள், நேரில் காரில் போய் வாங்கி வாருங்கள்.

---

வடமீன் எழுதியது:

இடம் முடிவானதால் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். காவலூரின் அட்சரேகை வடக்கு 12.6 பாகைக்குப் பக்கம், ஆலங்காயமும் ஏறக்குறைய அதேதான். கன்னி கேலக்ஸிக் கொத்தின் நடுவில் இருக்கும் எம்87 கேலக்ஸி வான நடுவரைக்கு (பூமியின் நடுவரைக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கோட்டுக்கு) வடக்கே 12.4 பாகையில் இருக்கிறது. அதாவது உங்கள் நிலத்தில் அது சரியாகத் தலைக்கு நேரே கடந்துபோகும். மார்ச் கடைசியில் நள்ளிரவுக்கு, ஏப்ரல் கடைசியில் பத்து மணிக்கு. மேகமில்லாத பருவமும் அதுதான். காற்று மண்டலத்தின் மிக மெல்லிய பகுதி வழியாக, ஐந்து கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கேலக்ஸிகள் கொண்ட கொத்தைப் பார்ப்பீர்கள். இங்கிலாந்திலோ கனடாவிலோ இருப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. எம்84, எம்86-இலிருந்து தொடங்கி மார்க்கேரியன் சங்கிலி என்ற கேலக்ஸி வரிசை வழியாகத் தட்டிக்கொண்டே போனால், 20 அங்குலத்தில் ஒரே பார்வைப் புலத்தில் பல கேலக்ஸிகள் வந்து நிற்கும்.

சிக்கலும் அங்கேயே இருக்கிறது. டாப்சோனியனுக்கு நேர் உச்சியில் திருப்புவது கடினம். அங்கே பக்கவாட்டில் தள்ளினால் குழாய் தன்னைத்தானே சுற்றுமே தவிர பொருளைத் தொடராது. 200 மடங்கில் ஒரு பொருள் பார்வைப் புலத்தைக் கடக்க ஒரு நிமிடம் சொச்சம்தான் ஆகும். அதனால் உச்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால் தொடங்கி, நடுவில் வேறு எதையாவது பார்த்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்ப வாருங்கள். ஐபீஸ் உயரமும் உச்சியில்தான் அதிகம். எஃப்/5 எடுத்திருந்தால் உங்கள் ஊரின் மிகச் சிறந்த வானம் முழுவதையும் ஏணியின் கடைசிப் படியில் நின்று பார்க்க வேண்டி வந்திருக்கும்.

இன்னொன்று. 1789-இல் வில்லியம் ஹெர்ஷல் 48 அங்குல ஆடியோடு நாற்பதடி டெலஸ்கோப்பை முடித்தார். சனியின் இரண்டு துணைக்கோள்களை அந்த வருடமே கண்டுபிடித்தார். ஆனாலும் அவர் வானத்தை ஒழுங்காகத் துழாவிய வேலையில் பெரும்பகுதியை 18.7 அங்குல இருபதடிக் கருவியில்தான் செய்தார். பெரியதைத் திருப்ப உதவியாட்கள் வேண்டும், உலோக ஆடி சீக்கிரம் மங்கும். சிறியது எப்போது கூப்பிட்டாலும் தயார். 8 அங்குலத்தை விற்க வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. 240 கோடி ஒளியாண்டு தூரத்து 3சி 273 குவாசர் (ஒரு கேலக்ஸியின் மிகப் பிரகாசமான மையம்) அதிலேயே எட்டும், இன்னும் பார்க்கவில்லை என்றால் இந்தப் பருவத்தில் பாருங்கள்.

---

கேட்டை எழுதியது:

தம்பி, கொட்டகை முடிந்ததும் சொல்லுங்கள். எங்கள் பள்ளிப் பிள்ளைகளை ஒரு வேன் பிடித்துக் கூட்டி வருகிறேன். படுக்க இடமும் கழிப்பறையும் இருந்தால் போதும். பெண் பிள்ளைகளை அழைத்து வருவதற்கு அதுதான் முதல் கேள்வி, டெலஸ்கோப் பிறகுதான்.

---

மலையடிவாரம் எழுதியது:

நிச்சயமாக டீச்சர். சித்தப்பா வீட்டில் திண்ணையும் பெரிய கூடமும் இருக்கிறது, கழிப்பறையும் இருக்கிறது.

இப்படி முடிவு செய்திருக்கிறேன். இந்த வருடம் கொட்டகை மட்டும். கூரை தண்டவாளத்தில் உருண்டு திறக்கிற மாதிரி. நிலத்துக்குப் போகும்போதெல்லாம் 8 அங்குலத்தையே அதில் வைத்துப் பழகுகிறேன், சூடும் ஈரமும் எப்படி என்று தெர்மாமீட்டர் வைத்து எழுதிக்கொள்கிறேன். அது சரிப்பட்டால் அடுத்த வருடம் 20 அங்குலம் எஃப்/3.6, கண்ணாடி ஆடிதேய்ப்பவன் அண்ணாவிடம். சரிப்படாவிட்டால் 16 அங்குலம் எஃப்/4.5. குவியத்தூரம் இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால் கொட்டகை அளவை மாற்ற வேண்டியிருக்காது.

வெல்டிங் பட்டறையில் ஒரு கேள்வி கேட்டார், பதில் தெரியவில்லை. கூரை எந்தப் பக்கம் உருள வேண்டும்? சுவர் எவ்வளவு உயரம்?

---

ஆடிதேய்ப்பவன் எழுதியது:

வடக்குப் பக்கம் தள்ளுங்கள். நமக்குத் தெற்கு வானம்தான் சொத்து. ஒமேகா சென்டாரி 30 பாகை, ஈட்டா கரினா நெபுலா 18 பாகை, அவ்வளவுதான் ஏறும். கூரை தெற்கே நின்றால் இரண்டையும் மறைத்துவிடும். வடக்கே துருவ விண்மீன் உங்களுக்குப் பன்னிரண்டரை பாகையில் இருக்கிறது, அதற்குக் கீழே இழப்பதற்கு ஒன்றும் இல்லை. எம்81, எம்82 கூட 33 பாகைக்கு ஏறிவிடும், கூரை மறைக்காது.

தெற்குச் சுவர் மூன்றடிக்கு மேல் வேண்டாம். அதற்கு மேலே கீல் வைத்த தகரக் கதவு, வெளிப்பக்கமாக மடங்கிக் கீழே தொங்குகிற மாதிரி. மற்ற மூன்று பக்கமும் நாலரை அடி வரைக்கும் போகலாம். டெலஸ்கோப் நிற்கும் காங்கிரீட் மேடையைக் கொட்டகைத் தரையோடு சேர்க்காமல் தனியாக, சுற்றிலும் ஒரு அங்குலம் இடைவெளி விட்டுப் போடச் சொல்லுங்கள், பிள்ளைகள் நடக்கிற அதிர்வு ஐபீஸுக்கு வராது. தண்டவாளத்துக்கு ஆங்கிள் இரும்பைக் கவிழ்த்துப் போட்டு, ‘வி’ பள்ளம் உள்ள கேட் சக்கரம் மாட்டுங்கள். கேட்டுக்குப் போடுகிற அதே சக்கரம்தான், எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். காற்றுக்குக் கூரை தூக்காமல் இருக்க நாலு மூலையிலும் கொக்கி. வைகாசிக் காற்றுக்கு முன்னால் மாட்டிவிடுங்கள்.